தெருக்குத்து மனை

கடப்பாரையை எடுத்துக் கொடுத்தவளே கிளியம்மாள்தான். அதைத்தான் பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கடப்பாரை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்த மனுஷர் திண்டிவனத்துக்குத் திரும்பிப் போயிருப்பார். இவள்தான் கூப்பிட்டு நிழலில் நிறுத்தி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, கடப்பாரையையும் கையில் கொடுத்தாள். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு வேறு.

அது 2012 சித்திரை மாதம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டை விட்டு இறங்கினால் பொன்மகள் நகர். பெயர்தான் நகர். இருபது மனைக்கு ஒரு வீடு, மீதி இடமெல்லாம் சீமைக் கருவேல முள். காலை பதினோரு மணி வெயிலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கண்ணாடி. காலிடையில் ஒரு தகரப் பலகை. அதில் ‘இம்மனை விற்பனைக்கு’ என்று சிவப்பில் எழுதி, கீழே செல்போன் நம்பர் போட்டிருந்தது.

“ஏம்மா, ஒரு கடப்பாரை கெடைக்குமா? போர்டு நடணும்.”

“எந்த மனைங்க ஐயா?”

“பதினஞ்சு.”

“நாங்க பதினாலுங்க. தோ, எங்க வீட்டுக்கு அந்தாண்ட இருக்குதே, அதான் பதினஞ்சு.”

அவர் அங்கே போய் ஒரு முழம் தோண்டி, பலகையை நட்டு, கல்லைப் போட்டு இறுக்கினார். கிளியம்மாள் மேலே போய்விட்டாள். மொட்டை மாடியில் சாக்கு விரித்து நெத்திலியையும் வாளையையும் வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். கடலில் மீன்பிடித் தடைக்காலம். நாற்பத்தைந்து நாளைக்கு மீன் வராது, கருவாட்டை வைத்துத்தான் பிழைப்பு. வெயில் காட்டாத கருவாடு இரண்டு வாரத்தில் புழுத்துவிடும்.

மேலேயிருந்து பார்த்தால், அந்த மனுஷர் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறார், மறுபடி காகிதத்தைப் பார்க்கிறார். அப்புறம் மெல்ல நடந்து இவள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்று, முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிரே கிழக்கே நேராகப் போகிற மண் தெருவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்மா, கொஞ்சம் கீழ வாங்க.”

இறங்கி வந்தாள். அவர் காகிதத்தைக் காட்டினார். மனைப்பிரிவு வரைபடம். கட்டம் கட்டமாய்ப் போட்டு நம்பர் எழுதியிருந்தது.

“பதினஞ்சுக்கு நேர் எதிர்ல குறுக்குத் தெரு வந்து முட்டணும். தோ பாருங்க, படத்துல இருக்குது. நான் போர்டு நட்ட எடத்துக்கு எதிர்ல தெருவே இல்ல. தெரு உங்க கேட்டுக்கு எதிர்லதான் வருது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்க வீடு கட்டியிருக்கிறது என் மனையிலம்மா.”

கிளியம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். புருஷன் சுப்புராயனும் அதே கரைதான். படகில் இருந்த பங்கு கைவிட்டுப் போனதும் திண்டிவனத்தில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற வேலைக்கு வந்தான். அவள் விடியற்காலைப் பஸ்ஸில் மரக்காணம் போய் மீன் எடுத்து வந்து, தெருத்தெருவாய்க் கூவி விற்றாள். வேலை கிடைத்தது, வியாபாரம் கிடைத்தது. வீடு மட்டும் கிடைக்கவில்லை. “மீன் விக்கிறவங்களா? வாசனை வருமே” என்பார்கள். வாசனையாம். அவள் மீனை வாங்கி வறுத்துத் தின்கிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பதினைந்து வருஷத்தில் ஒன்பது வீடு மாறினாள். கூடையைத் தெருமுனையிலேயே கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு உள்ளே போவாள். கருவாட்டைத் தகர டின்னில் போட்டு, மூடிக்கு மேல் துணி சுற்றி, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். முதல் வீட்டுக்கு வாடகை நூற்றிருபது. ஒன்பதாவது வீட்டுக்கு ஆயிரத்தெண்ணூறு, ஐந்து மாத முன்பணம் தனி. மீனுக்கு அந்த மாதிரி விலை ஏற்றினால் யாராவது விடுவார்களா?

மனை வாங்கிய கதையும் சிரிக்கிற கதைதான். 1993-இல் ஒரு மனை விற்கிற கம்பெனிக்காரன் வேன் வைத்து, புளிசோற்றுப் பொட்டலம் கொடுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரும் இனாம் என்று சொல்லி ஆளைக் கூட்டிப் போனான். புளிசோற்றுக்குப் போன சுப்புராயன் மனையோடு திரும்பி வந்தான். மாதம் நூற்றைம்பது, நாற்பது மாதத் தவணை. நரி ஊளையிடுகிற மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக் காட்டில் மனையா என்று ஐஸ் கம்பெனியே சிரித்தது. கிளியம்மாளும் ஒரு வாரம் புருஷனோடு பேசவில்லை. ஆனாலும் தவணையை ஒரு மாதமும் தவறவிடாமல் கட்டியவள் அவள்தான். ’97-இல் பத்திரம் ஆனது. கட்டக் கையில் காசில்லாமல் மனை அப்படியே கிடந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. நாலுவழிச் சாலை வந்தது. மதராஸிலிருந்து கார் கார்களாய் வந்து இறங்கினார்கள். மல்லாட்டை விளைந்த கொல்லையெல்லாம் கல் முளைத்துக் கொடி பறந்தது. ஆறாயிரம் ரூபாய் மனை ஐம்பதாயிரம் ஆனது, ஒரு லட்சம் ஆனது, இரண்டு ஆனது. வாங்கியவர்கள் யாரும் கட்டவில்லை, குடிவரவுமில்லை. விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்ட பெட்டி மாதிரி போட்டுவிட்டுப் போனார்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஊரில் கால் வைக்க இடமில்லை என்று ஆனது. கிளியம்மாள் தன் மகள் சங்கவியை வானூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே அவர்களும் வாடகைக்குத்தான் அல்லாடினார்கள். புரோக்கர் கோதண்டபாணி வந்து மனைக்கு இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னபோது சுப்புராயனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

“வித்துட்டு எங்க போய்க்கினு இருக்கிறது? எலி வளையானாலும் தனி வளை வேணும்யா” என்று கிளியம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

2008-இல் ஒன்பதாவது வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு இவர்களைக் காலி செய்யச் சொன்னார். இனிப் பொறுப்பதில்லை என்று நகையை விற்று, சீட்டை எடுத்து, ஐஸ் கம்பெனியில் முன்பணம் வாங்கி, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு என்று கட்டினார்கள். ஓடு போதும் என்றான் சுப்புராயன். இல்லை, காரை போட்ட மொட்டை மாடிதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். எதற்கு? கருவாடு காயவைக்கத்தான். குடிவந்த முதல் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு மேலே போய், வெட்டவெளியில் கொட்டிப் பரப்பினாள். அன்றைக்கு அவள் விட்ட மூச்சு பதினைந்து வருஷத்து மூச்சு. போன மார்கழியில் ‘தானே’ புயல் வந்து ஊரையே புரட்டியபோதும் அந்த வீடு அசையவில்லை. அது இப்போது இன்னொருவர் மனையில் நிற்கிறதாம்.

வந்தவர் பெயர் அஜிதநாதன். செஞ்சிப் பக்கத்துச் சமணர், நயினார் என்பார்கள்; மல்லாட்டை வியாபாரம். அவரும் அதே ’93-இல் அதே வேனில் வந்து வாங்கியவர்தான். புளிசோறுகூட அதேதான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என் பொண்ணு பிராமி விழுப்புரத்துல காலேஜ்ல வேல செய்யுது. மாப்பிள்ளையும் சம்பாதிக்கிறாரு. ரெண்டு சம்பளம் இருந்தும் அங்க ஒரு வீடு வாங்க முடியல. இப்பதான் ஒண்ணு அமைஞ்சு முன்பணம் குடுத்திருக்குது. இந்த மனைய வித்தாத்தான் மீதிய கட்ட முடியும். வர்ற வியாழக்கெழம சர்வேயரக் கூட்டிக்கினு வர்றேன். நான் சண்டைக்கு வரலம்மா. ஆனா எனக்கு என் மனை வேணும்.”

சண்டைக்கு வந்திருந்தால் கிளியம்மாள் ஒரு கை பார்த்திருப்பாள். மீன் விற்கிறவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் உண்டா? நியாயத்தோடு வந்தவரிடம் என்ன பேசுவது? 

சாயங்காலம் சுப்புராயன் வந்து விஷயத்தைக் கேட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டு முனைக்கு ஓடினான். மனை ஒவ்வொன்றும் முப்பது அடி அகலம். பதிமூன்று மனை தாண்டினால் பதினாலு. பதிமூன்று முப்பது முந்நூற்றுத் தொண்ணூறு. வீடு கட்டும்போது அப்படித்தான் அளந்து முளை அடித்தான். கல்லில் எழுதியிருந்த நம்பரெல்லாம் மழையில் அழிந்து, பாதிக் கல்லை மாடு கட்ட யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்த நேரம் அது. சர்வேயரைக் கூப்பிடலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு, “எனக்கு எண்ணத் தெரியாதா?” என்று மார் தட்டினான். இப்போது இரண்டு தரம் அளந்தான். இரண்டு தரமும் முந்நூற்றுத் தொண்ணூறு, தன் வீட்டுச் சுவரிலேயே வந்து முடிந்தது.

“கரெக்டாதான் கீது கிளி. அந்தாளுதான் தப்பா பாத்துட்டாரு.”

“அப்ப தெரு எப்பிடி நம்ம கேட்டுக்கு எதிர்ல வந்துது?”

அவன் டேப்பைச் சுருட்டினான்.

மறுநாள் காலை இருவரும் பத்திரம் எழுதுகிற விருத்தாசலத்திடம் போனார்கள். பதிவு ஆபீசுக்கு எதிரே தார்ப்பாய் நிழலில் மேஜை போட்டு முப்பது வருஷமாய் உட்கார்ந்திருப்பவர். இவர்கள் பத்திரமும் அவர் எழுதியதுதான். பழைய கட்டிலிருந்து பொன்மகள் நகர் வரைபடத்தை எடுத்து விரித்து, பேனாவால் ஒவ்வொரு கட்டமாய்த் தொட்டுக்கொண்டே போனார்.

“அஞ்சு, ஆறு, ஏழு, ஒம்போது...”

“எட்டு எங்க சார்?” என்றாள் கிளியம்மாள்.

விருத்தாசலம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“எட்டாம் நம்பர் மனைன்னா எவன் வாங்குவான்? சனி நம்பருன்னு ஓடிப்போவான். அதான் கம்பெனிக்காரன் எட்ட விட்டுட்டு ஏழுக்கு அடுத்து ஒம்போதுன்னு போட்டுட்டான். அந்தக் காலத்துல பாதிப் பேரு அப்பிடித்தான் போடுவான். உங்க பதினாலு, எண்ணிக்கைக்குப் பதிமூணாவது மனை. நீங்க முறையா எண்ணி அளந்து, பதினஞ்சுல போய்க் கட்டியிருக்கீங்க.”

கிளியம்மாள் புருஷனைப் பார்த்தாள். சுப்புராயன் தரையைப் பார்த்தான். ஏனென்றால், ஆறாவது வீடு தேடி அலைந்தபோது நல்ல காற்றோட்டமாய், குறைந்த வாடகையில் ஒரு வீடு கிடைத்தது. கதவு நம்பர் எட்டு என்று அதை வேண்டாமென்று உதறியவன் இவன்தான். எட்டுக்குப் பயந்து ஊரே எட்டை விழுங்கினால், அது எங்காவது போய்த்தானே முளைக்கும்!

“இதுக்கு இன்னா சார் வழி?”

“அவரு மனசு வெச்சா பரிவர்த்தனைப் பத்திரம் எழுதலாம். உங்க பதினாலு அவருக்கு, அவரு பதினஞ்சு உங்களுக்கு. அளவு ஒண்ணுதான். மனசு வெக்கலன்னா கோர்ட்டு.”

“இடிக்கச் சொல்லுவாரா?”

“சொல்லலாம்மா. அவரு மனை ஆச்சே.” விருத்தாசலம் பொய் சொல்லத் தெரியாத ஆள். “இல்ல, இன்னைய வெலைக்கு மனைய நீங்களே வாங்கிக்குங்கன்னும் சொல்லலாம். கோதண்டபாணி அந்த நகர்ல இப்ப அஞ்சு லட்சம் சொல்லிக்கினு இருக்கான்.”

அஞ்சு லட்சம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அதே நினைப்புதான். மறுபடி வாடகை வீடு. அதுவும் இன்றைய வாடகையில். ‘மீன் விக்கிறவங்களா?’ என்கிற பேச்சு காதுக்குள் கேட்டது. ஐம்பதை நெருங்குகிற வயசில் மறுபடி தெருமுனையில் கூடை கழுவி, புடவை மாற்றிக்கொண்டு நிற்க அவளால் முடியாது. முடியவே முடியாது. அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பார்க்கிறாள் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். தெற்கே இருந்த காலி மனையைப் பார்த்தாள். முள்ளும் புட்டியும் பாலித்தீன் பையுமாய்க் கிடந்தது. அதுதான் பதினாலு. பதினைந்து வருஷமாய்த் தன் பேரில் இருக்கிற மண் அதுதான். இந்த நாலு வருஷமாக மீன் கழுவிய தண்ணீரையும் செதிளையும் ‘யாரோ மதராஸ்காரன் எடம்தானே’ என்று அவள் கொட்டிவந்ததும் அங்கேதான். தன் மடியிலேயே தான் குப்பை கொட்டியிருக்கிறாள். வயிற்றெரிச்சலிலும் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அரிவாளை எடுத்தாள்.

“இன்னா பண்ணப்போற?” என்றான் சுப்புராயன்.

“மாத்திக் குடுங்கன்னு கேக்கப்போறோம். கேக்கிறவ குப்ப மேட்டயா நீட்டறது?”

நாலு நாள். விடியலில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை முள் வெட்டினாள். புட்டி பொறுக்கினாள். மேடு பள்ளத்தை நிரவினாள். நாற்றம் போக மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கருவாட்டை அந்த நாலு நாளும் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. வருகிறவர் சைவம். மூக்கைச் சுளித்துவிட்டால் காரியம் கெட்டுப்போகும். பழைய டின்னைத் தேடி எடுத்து, நெத்திலி வாளை எல்லாவற்றையும் அதில் அடைத்து, மூடிக்கு மேல் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். துணியை முடிச்சுப் போடும்போதுதான் உறைத்தது, சொந்த வீட்டிலேயே வாடகைக்காரி ஆகிவிட்டோம் என்று.

சுப்புராயன் சும்மா இருந்தானா? யாரோ எதையோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “பன்னெண்டு வருசமா இங்கதான் குடியிருக்கோம்னு சொல்லிட்டா எடம் நம்மளுதாம் கிளி” என்று ஆரம்பித்தான்.

“யோவ், நாலு வருசத்த பன்னெண்டுன்னு எண்றதுக்கா? நீ எண்ணினது போதும்.”



வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அஜிதநாதன் சர்வேயரோடு வந்தார். சங்கிலி பிடித்து, வரைபடத்தைப் பார்த்து, விருத்தாசலம் சொன்னதையே சர்வேயரும் சொன்னார். வீடு நிற்பது பதினைந்து. பக்கத்தில் துடைத்துவிட்டது போல இருக்கிற காலி மனை பதினாலு. புதுக் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்.

கிளியம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் நாலு நாளாய் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ‘ஐயா, எட்டாம் நம்பரால வந்த வெனை, நாங்க வேணும்னு செய்யல’ என்று தொடங்க வேண்டும். தேவைப்பட்டால் காலில் விழ வேண்டும். ஆனால் அஜிதநாதன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. பதினாலாம் மனையை ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவில் நின்று கிழக்கே பார்த்தார். எதிரே யாரோ கட்டிப் போட்டிருந்த காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான்.

“எதிர்ல தெரு எதுவும் வராதே?” என்று சர்வேயரைக் கேட்டார்.

“வராதுங்க. குறுக்குத் தெரு அவங்க வீட்டோட சரி.”

அஜிதநாதன் அங்கேயே நின்றார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்தாள் கிளியம்மாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இவர்கள் பக்கம் வந்தார்.

“ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்கக் கூடாது.”

போச்சு, அஞ்சு லட்சம்தான் கேட்கப்போகிறார்.

“ஆறு வருசமா இந்தப் பதினஞ்ச விக்கப் பாக்குறேன். சுத்துப்பட்டு மனையெல்லாம் வெல ஏறிக்கினே போவுது, என்னுத சீண்ட ஆள் இல்ல. புரோக்கரு படத்த விரிப்பான், தெரு நேரா வந்து முட்டுறதப் பாப்பான், தெருக்குத்துங்கன்னு சுருட்டி வெச்சிருவான். ஒருத்தன்கூட எடத்தப் பாக்கவே வந்ததில்ல. அதனாலதான் நீங்க வீடு கட்டினதே எனக்குத் தெரியாமப் போச்சு. கடைசியா நானே போர்டு நட்டுப் பாக்கலாம்னு வந்தேன்.”  குரல் தாழ்ந்தது. “இந்தப் பதினால எனக்கு விட்டுட்டு, அந்தக் குத்து மனைய நீங்களே வெச்சிக்கிறீங்களா? கேக்கவே கூச்சமா இருக்குது. என் தலைவலிய உங்க தலையில கட்டுறாப்பல இருக்குது. பத்திரச் செலவு முழுசும் நான் பாத்துக்கிறேன்.”

கிளியம்மாளுக்குத் தன் காதைத் தானே நம்ப முடியவில்லை. வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் அவளுக்கு விளங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது, அந்தத் தலைப்பாகையையும் தூசி தட்டி அவரே திருப்பிக் கொடுக்கிறார்.

அதற்குள் சுப்புராயனுக்குச் சாமர்த்தியம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தாடையைத் தடவிக்கொண்டு, “தெருக்குத்துன்னா பெரிய பேஜாராச்சுங்களே. யோசிச்சுதான்...” என்று இழுத்தான்.

“யோவ், சும்மா இரு.” கிளியம்மாள் முன்னால் வந்தாள். பேரம் பேசியே பிழைத்தவள். எங்கே பேசக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். “ஐயா, நெசத்தச் சொல்லிடறேன். இதையேதான் நான் உங்களண்ட கேக்கணும்னு நாலு நாளா சோறு எறங்காமக் கெடக்கிறேன். உங்க கால்ல உழுந்தாவது கேக்கலாம்னு இருந்தேன். இந்த மனைய சுத்தம் பண்ணி வெச்சதே உங்களுக்குக் குடுக்கத்தான்.”

அஜிதநாதன் அவளைப் பார்த்தார், மஞ்சள் தெளித்த மனையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

“அப்ப உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லியே? தெரு வந்து குத்துதுன்னு?”

“வாடக வீட்டுல நான் பாக்காததையா இந்தத் தெரு செஞ்சிடப்போவுது? தானே புயல்ல இந்த நகர்ல எத்தன சுவரு உழுந்துது, என் வீடு நின்னுதே. பொழுது சாஞ்சா மரக்காணத்துக் காத்து இந்தத் தெருவோடதான் நேரா வந்து எங்க கூடத்துல பூருது. எங்களுக்கு அது போதுங்க.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் புழுதி கிளம்பிக் காற்று வந்தது. சர்வேயர் காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். நயினார் வீட்டுக்காரர்கள் பொழுது இறங்கினால் வாயில் எதுவும் போட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். “ஜல்தி சாப்பிடுங்கய்யா, வெயிலு இருக்குது” என்றாள். அஜிதநாதன் மேற்கே ஒரு தரம் பார்த்துவிட்டு இரண்டு பழம் சாப்பிட்டார். பிறகு இடம் மாறி நட்ட பலகையைப் பிடுங்கப் போனார். கிளியம்மாள் தானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை பதினாலில் அவளே குழி தோண்டினாள். ‘இம்மனை விற்பனைக்கு’ என்கிற பலகையை அஜிதநாதன் பிடித்துக்கொள்ள, சுப்புராயன் கல்லைப் போட்டு இறுக்கினான்.

மறுவாரம் திண்டிவனம் பதிவு ஆபீசில் பரிவர்த்தனைப் பத்திரம் ஆனது. அதுவரை கருவாட்டு டின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. விருத்தாசலம் எழுதியதை உரக்கப் படித்தார். நாலு எல்லையையும் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளியம்மாள் கைநாட்டு வைத்தாள். வெளியே வந்ததும் அஜிதநாதனின் செல்போன் அடித்தது. பலகையைப் பார்த்துவிட்டு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எதிர்த்த பக்கம் தெரு வருதா என்று கேட்டார்களாம். “வராதுங்க, வரவே வராது” என்று அவர் சொன்ன குரலில் விழுப்புரத்து வீட்டுச் சாவி குலுங்கியது.

ரோட்டு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சுப்புராயன் முன்னால் நடந்தான். கிளியம்மாள் முதல் கல்லண்டை நின்று, அங்கேயிருந்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு மனைக்கும் ஒரு நம்பர் சொல்லிச் சொல்லி நடந்தாள்.

“அஞ்சு, ஆறு, ஏழு...”

“எட்டு” என்றான் சுப்புராயன், திரும்பிப் பார்க்காமலே.

“எட்டு கெடையாது. ஒம்போது.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, கணக்குத் தப்பிவிடக் கூடாது என்று கவனமாய் இருந்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. பலகை நட்ட மனைக்கு முன்னால் பதினாலு. அடுத்த நம்பரைச் சொன்னபோது கால் அவள் வீட்டு வாசற்படியில் இருந்தது.

“பதினஞ்சு” என்று இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள். பூட்டைத் திறந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.

“அந்த டின்ன தூக்கிக்கினு மேல வாய்யா. வெயிலு போவுது.”